பூட்டின அறைக்குள்ளே பாட்டு

கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். இது நடந்தது எனக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் எடிட்டருக்கு. அவருக்குப் பொய் சொல்ல வராது. லீவுக்குக்கூட உண்மையான காரணத்தைச் சொல்லித் திட்டு வாங்குகிற ஆள். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

தொலைக்காட்சியில் போடும் பழைய படங்களை, விளம்பரத்துக்கு இடம் விட்டு வெட்டிச் சுருக்குவது அவர் வேலை. கத்திரி முதலில் விழுவது பாட்டின் மேல்தான். பல்லவி, ஒரு சரணம், அதோடு சரி. "பகல் பூரா பாட்டோட கழுத்தை அறுக்கிறேன். வீட்டுக்குப் போய் அதுக்கு உயிர் கொடுக்கிறேன்" என்பார். வீட்டின் பின்பக்க அறை முழுக்க இசைத்தட்டுகள். வேறு யார் கையும் அதில் படக் கூடாது. மனைவியே வாசற்படியில் நின்றுதான் பேச வேண்டும்.

மனைவி வேலைக்குப் போகிறவள். பகலில் வீட்டில் இருப்பது அவள் தம்பி மட்டும். வேலை போனதும் அக்கா வீட்டுக்கு வந்தவன், வந்த நாளாக டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கையில் எப்போதும் ரிமோட். அவன் பெயரே வீட்டில் 'ரிமோட்' ஆகிவிட்டது.

ஊரின் மறுகோடியில் ஒரு பெண், தன் அப்பா சேர்த்த இசைத்தட்டுகளை விற்கிறாள் என்று கேள்விப்பட்டு எடிட்டர் போனார். எல்லாம் சினிமாப் பாட்டு. பெட்டியை வாசலிலேயே கொடுத்து அனுப்பினாள். அப்பா காலமாகியிருப்பார் என்று இவராக நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், பிளேயரில் ஒரு தட்டு கிடந்தது. இவர் போட்டதில்லை. புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். வேறு தட்டு.

யார் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ரிமோட்டைக் கூப்பிட்டுக் கேட்டார். அவனோ திருதிருவென்று விழித்தான்.

"நான் எதுக்குத் தொடறேன் மாமா? நீங்கதானே மத்தியானம் வந்து கதவைச் சாத்திக்கிட்டுக் கேக்கறீங்க. கூடவே முணுமுணுக்கிறீங்க."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், என்று எடிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி தம்பி பக்கம் பேசினாள். போதாக்குறைக்கு, மத்தியானம் ஆபீஸிலிருந்து நழுவி வந்து போவது ஏன் என்று இவரையே குடைந்தாள். அன்று இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதுப் பூட்டு வாங்கினார். சாவி சட்டைப் பையில்.

சாயங்காலம் வந்தார். பூட்டு பூட்டினபடி இருந்தது. ஜன்னல் உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது. பிளேயரில்... இன்னொரு தட்டு.

கள்ளச் சாவி போட்டிருக்கிறான் என்றே நினைத்தார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் வந்து சோபாவில் மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனை இடத்தை விட்டு நகர விடவில்லை.

டிவியில் ஒரு பழைய படம். இவரே வெட்டின படம். ஒரு பாட்டு வந்தது. பல்லவி முடிந்தது. சரணம் முடிந்தது. இவர் வெட்டின இடத்தில் சரியாக நின்றது. விளம்பரம் வந்தது.

பாட்டு நிற்கவில்லை.

இவர் வெட்டி எறிந்த அந்த இரண்டாவது சரணம்... பின்பக்க அறையிலிருந்து வந்தது.

"சத்தத்தைக் குறை" என்றார். ரிமோட் டிவியை ஊமையாக்கினான்.

இப்போது தெளிவாகக் கேட்டது. தட்டின் கரகரப்பு. வாத்தியம். அதோடு... ஒரு ஆண் குரல். வயதான குரல். பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தது.

மச்சினன் இவர் பக்கத்தில்தான் இருக்கிறான்.

எடிட்டர் எழுந்தார். சாவியை எடுத்தார். பூட்டுத் துளையில் அது இரண்டு முறை வழுக்கியது.

திறந்தார்.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

அறையில் ஆள் இல்லை.

பாட்டு ஓடியது... முணுமுணுப்பு மட்டும் பாதிச் சொல்லில் நின்றது.

நம்மைப் பார்த்ததும் ஒருவர் வாயை மூடிக்கொள்வாரே... அப்படி.

மறுநாள் காலையிலேயே பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். தனியாக வீட்டில் இருக்க மாட்டேன் என்று ரிமோட்டும் கூடவே வந்தான். காசு வேண்டாம், பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றதும், அந்தப் பெண் அவர்களை உள்ளே கூப்பிட்டாள்.

உள் அறைக் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவள் அப்பா. சாகவில்லை. பக்கவாதம் வந்து கையும் காலும் போய், பேச்சும் போய், பல வருஷமாக அதே கட்டில்தானாம். கண் மட்டும் அசைந்தது. அது எடிட்டர் முகத்தில் வந்து நின்றது. நகரவில்லை.

இசைத்தட்டுகளை விற்றது அவருக்குத் தெரியாது என்றாள் அவள். ஆனால் விற்றதிலிருந்து ஒரு புதுப் பழக்கம்: மத்தியானத் தூக்கத்தில் ஏதோ ராகம் மாதிரி முனகுகிறார். டாக்டருக்கே ஆச்சரியமாம்.

"நேத்து மத்தியானம் பேசவே பேசிட்டார் சார். முனகிக்கிட்டே இருந்தவர் பட்டுனு கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷத்துல முதல் வார்த்தை."

என்ன சொன்னார் என்று எடிட்டர் கேட்டார்.

"'யாருடா நீ, கதவைச் சாத்து'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. எங்க வீட்டுக் கதவு சாத்தித்தான் இருந்துச்சு."