எண்ணுக்குக் கீழே இருந்த சின்ன எழுத்து

என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். பல வருடமாகச் சர்க்கரை வியாதி. லண்டனிலிருந்து வந்த என் நாத்தனார், வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். விரலைக் குத்திப் பார்த்தால் பதினெட்டு என்று காட்டியது.

"இருநூறுல இருந்தது பதினெட்டுக்கு வந்துருச்சு பாரு புள்ள. இனி காப்பிக்குச் சக்கரையத் தாராளமாப் போடு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஏனுங்க, அவ்ளோ கம்மியா இருந்தா மயக்கம் வருமுன்னு சொல்லுவாங்களே?"

"அஞ்சாங்கிளாஸ் படிச்ச டாக்டரம்மா சொல்லிட்டாங்க!" என்று கேலி செய்தவர், மாத்திரையையும் நிறுத்திவிட்டார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் மீட்டரே சொல்லும்போது நான் என்ன பேசுவது?

மிளகு பறிக்கையில் அவர் காலில் முள் குத்திய இடம் புண்ணாகி, ஆறவே இல்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மீட்டரை வாங்கிப் பார்த்தார்.

"இது வெளிநாட்டு அளவுங்கம்மா. எண்ணுக்குக் கீழ சின்னதாப் போட்டிருக்கு பாருங்க. நம்ம அளவுல இது முந்நூறுக்கு மேலங்க."

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் மருந்துக்கடையில் வாங்கிய மீட்டர் இருக்கிறது. எண்ணைப் படிக்கும் முன்பு, கீழே என்ன அளவு போட்டிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால், யார் சிரித்தாலும் ஊர் ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் கேட்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரர் விரலை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எவ்வளவு என்று கேட்பதில்லை.