வளைவில்லாத கண்ணாடி

எண்பதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் சாரல் பிடித்து, மேலகரத்தில் எங்கள் வீடு சொந்தக்காரர்களால் நிரம்பி வழிந்த ஆனி மாதக் கடைசி. நான் வெளியூரில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆளும் நான்தான். அதனால் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அங்கன என்னதாம்லே படிக்கே?"

சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. லேசர் ஒளி மிகக் கடுமையாகப் பாய்ந்தால், அது போகிற கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே மாறிவிடும். கதிரின் நடுவில் ஒளி அதிகம், மாற்றமும் அங்கே அதிகம். அதனால் தட்டையான கண்ணாடிகூட அந்தக் கணத்தில் லென்ஸ் போலாகி, கதிரை உள்ளுக்குள்ளேயே குவித்துச் சுட்டுக்கொள்ளும். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். அத்தான் மட்டும் விடவில்லை. அக்கா வீட்டுக்காரரான அவர், தென்காசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்.

"வளைவு இல்லாம எப்படிலே பவர் வரும்? வளைவு இல்லன்னா அது வெறும் ஜன்னல் கண்ணாடில்லா?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது அத்தான்."

உண்மையில் என் ஆராய்ச்சி வழிகாட்டியே அதை நம்பவில்லை. என்னிடம் இருந்தது விரல் நீளத்தில் ஒரே ஒரு கண்ணாடிக் கட்டை. லேசர் அதற்குள் சுட்ட தழும்பு இருந்தது. கதிர் உள்ளே குவிந்ததால் வந்தது என்றேன் நான். முனையில் ஒட்டிய தூசி எரிந்து உள்ளே இறங்கியது என்றார் அவர். கட்டையின் இரண்டு முனைகள்தான் பளபளப்பு, பக்கங்கள் எல்லாம் சொரசொரப்பாகப் பால் நிறம். முனைவழியே பார்த்தால் வெறும் புள்ளி. தழும்பு எங்கே தொடங்குகிறது என்று காட்ட வழியில்லை. விடுமுறை முடிவதற்குள் நிரூபிக்காவிட்டால் ஒன்றரை வருட வேலை குப்பை. நோட்டு நோட்டாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமென்று கட்டையையும் ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன்.

ஒருநாள் வந்தவர்களை ஐந்தருவிக்கு அழைத்துப்போய், சாயங்காலம் ஈரத்துண்டோடு திரும்பினால், என் பெட்டி திறந்து கிடக்கிறது. கட்டையைக் காணோம்.

"அத்தான் கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்காவ," என்றாள் அக்கா. "பாதி தேய்ச்ச கண்ணாடியப் போய்ப் பிள்ளைக்குக் குடுத்திருக்கானுவளேன்னு அவியளுக்கு ஒரே வருத்தம்."

சைக்கிளை மிதித்த மிதியில் தென்காசி வந்துவிட்டது. கடையில் அத்தான் சிவப்புப் பாலீஷ் பொடி படிந்த கைகளோடு கட்டையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கங்கள் பளிங்காக மாறியிருந்தன.

"யாரைக் கேட்டுத் தொட்டிய? எனக்குன்னு இருந்ததே இது ஒண்ணுதான்! படிக்காத ஆளுக்கு இதெல்லாம்..."

மிச்சத்தை விழுங்கினேன். ஆனால் கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். என்னைச் சைக்கிளில் வைத்து ஹைஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்ட மனுஷன் அவர். கட்டையை இன்னொரு தடவை வேட்டியில் துடைத்தார்.

"கோவப்படாத மாப்ளே. எல்லாம் பளிச்சுனு வந்துட்டு. நடுவுல ஒரு கீறல் மட்டும், எவ்வளவு தேய்ச்சும் போமாட்டேங்கு. அது உள்ள இருக்கு."

பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒளி நுழைந்த முனையில் நான் வைத்த மைப்புள்ளியிலிருந்து பாதித் தூரம் வரை கண்ணாடி தண்ணீர் மாதிரி தெளிவு. அதற்குப் பிறகுதான், தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு கோடு கிளம்பி ஓடியது. தூசி எரிந்ததென்றால் முனையிலேயே தொடங்கியிருக்க வேண்டும்! பக்கத்தைத் தேய்த்துப் பார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவரை ஊர்மேல் இருந்த எரிச்சல் முழுவதும் என்மேல் திரும்பியது.

அங்கேயே உட்கார்ந்து, இந்தத் தடவை ஒழுங்காக விளக்கிச் சொன்னேன். அத்தான் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ வளைவு வெளிய இல்ல. வெளிச்சம் போவும்போது மட்டும் உள்ள வந்துட்டுப் போயிருக்கு. அப்படித்தானலே?"

அப்படியேதான். விடுமுறை முடிந்து போனதும் வழிகாட்டியும் கட்டையைப் பார்த்து ஒப்புக்கொண்டார். யார் தேய்த்தது என்று கேட்டார், சொன்னேன். அத்தானிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இன்றைக்கும் யாராவது புரியாமல் கேட்டுக்கேட்டு எரிச்சல் மூட்டினால், 'உங்களுக்குப் புரியாது' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து, அந்தச் சிவப்புப் பொடி படிந்த கைகள் ஞாபகம் வந்ததும் திரும்பிப் போய்விடுகிறது.