மகளின் மரக் கோபுரமும் அப்பா ஒட்டிய குச்சியும்

இன்று வவுனியாவில், ஒரு தராசுக்கு முன்னால் என் இதயம் நின்றுபோனது!

(இப்போது ஓடுகிறது. கவலை வேண்டாம்.)

மகள் தர்சிகாவும் அவளுடைய வகுப்புத் தோழிகள் இருவரும் மாணவர் பொறியியல் போட்டிக்கு மரக் கோபுரம் கட்டுவது இங்கே பலருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்கு: மெல்லிய மரக் குச்சிகளைப் பசையால் ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு கோபுரம். நூற்றைம்பது கிராமைத் தாண்டக்கூடாது. அதில் வாளியைத் தொங்கவிட்டு மணல் கொட்டுவார்கள். அதிக பாரம் தாங்குவது வெல்லும்.

முதலிடம் பெறும் அணி மட்டும்தான் கொழும்பு இறுதிச் சுற்றுக்குப் போகலாம். தர்சிகா மனதுக்குள் எப்போதோ பெட்டி கட்டிவிட்டாள்.

எங்கள் விறாந்தை முழுக்க மரத்தூளும் பசையும்தான். (நான் ஓடருக்குக் கேக் அடிப்பவள். என் தராசைக் கடைசியாக எப்போது கேக்குக்குப் பாவித்தேன் என்று கேட்காதீர்கள்!)

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் அந்தக் கோபுரத்தைப் பார்த்து ஒரே கதைதான் சொன்னார்கள்.

"பிள்ளை, இது காணாது. இன்னும் ரெண்டு குச்சி வை!"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எதைக் கட்டினாலும் பயத்துக்கு ஒன்று கூடத்தான் போடுவோம்.

என் கணவர் அதில் முதல் ஆள். வயலில் யானைக் காவலுக்கு அவர் போட்ட பரணுக்கு நாலு கால் போதும். ஏழு கால் நிற்கிறது!

தர்சிகா நேர் எதிர். ஒவ்வொரு குச்சியாக விரலால் தட்டிப் பார்ப்பாள். "இது சும்மா நிக்குது" என்று வெட்டி எடுத்துவிடுவாள்.

கடைசியாக என் தராசில் நூற்று நாற்பத்தொன்பது கிராம். ஒரு கேக் பெட்டிக்குள் கோபுரத்தை வைத்து, பஸ்ஸில் மடியில் பிடித்தபடி வந்தோம். புளியங்குளத்தில் பஸ் ஒரு பிறேக் அடித்தது. என் கணவரோடு ஐந்து பேரும் சேர்ந்து "ஐயோ" என்றோம். கோபுரத்துக்கு ஒன்றுமில்லை.

மண்டபத்தில் தராசில் வைத்தார்கள்.

நூற்று ஐம்பத்துமூன்று!

"எங்கட தராசு பிழையோ அம்மா?" என்றாள் தர்சிகா. குனிந்து பார்த்தாள். அடியில், குறுக்கே, ஒரு புதுக் குச்சி.

"இது ஆர் ஒட்டினது?"

தோழிகள் இல்லை என்று தலையாட்டினார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"அப்பா?"

"நான்தான் பிள்ளை... விடிய நீங்கள் வெளிக்கிடேக்க... சும்மா ஒரு பலத்துக்கு..."

"அப்பா!"

அந்த 'அப்பா'வை மண்டபமே திரும்பிப் பார்த்தது.

நடுவர் நல்ல மனிதர். "வெட்டி எடுக்கலாம் பிள்ளையள். ஆனா புதுசா ஒண்டும் ஒட்ட ஏலாது. கூடின பாரத்தோட போட்டிக்கு விடவும் ஏலாது" என்றார்.

வெட்டும்போது பக்கத்து மூட்டு ஒன்று அசைந்தாலே போதும், கொழும்பு அத்தோடு சரி.

"நான் வெட்டுறன் குஞ்சு" என்றார் கணவர்.

"நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். பிடியுங்கோ. ரெண்டு கையாலயும்."

பிடித்தார்.

"மூச்சு விடாதேங்கோ!"

(நிஜமாகவே விடவில்லை. முகம் சிவந்துபோனது.)

"விடு பிள்ளை, தொடாதை" என்று என் வாய்வரை வந்தது. மெழுகுதிரியோ அரிசியோ, எப்போதும் கையில் ஒன்று கூட வைத்தே பழகியவள் நான். எடுத்த பிறகும் நிற்கும் என்று நம்புவது எனக்குச் சுலபமில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிளேட்டால் இரண்டு பக்கமும் அறுத்தாள். குச்சி கீழே விழுந்தது.

தராசு: நூற்று ஐம்பத்தொன்று. ஒட்டிய பசையும் நுனித் துண்டுகளும் மிச்சம்.

மண்கடதாசியால் தேய்த்தாள். தேய்த்தாள். தேய்த்தாள்.

நூற்றைம்பது!

"சரி" என்றார் நடுவர். கணவர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

எங்கள் பிள்ளைகள்தான் கடைசி அணி. அதுவரை ஆகக் கூடியது முப்பத்தொரு கிலோ.

வாளியைக் கொழுவினார்கள். மணல் விழத் தொடங்கியது.

இருபதில் ஒரு சின்னச் சத்தம். என் கணவர் என் கையைப் பிடித்தார். (கல்யாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் இதுதான் முதல் தடவை!)

முப்பது.

முப்பத்திரண்டு! தோழிகள் இருவரும் கத்தினார்கள். தர்சிகா கத்தவில்லை. கண் கோபுரத்தில்.

நாற்பதில் மணல் கொட்டியவர் நிமிர்ந்தார். "சேர், மணல் முடிஞ்சுது!"

மண்டபம் எழுந்து கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடுவர் சிரித்தபடி கேட்டார். "பிள்ளையள், நீங்கள் வெண்டிட்டியள். கோபுரத்தை வீட்டை கொண்டு போறியளோ, இல்லாட்டி இன்னும் பாரம் வைச்சுப் பாப்பமோ?"

"வீட்டை கொண்டு போவம்!" என்று கணவர் கத்தினார்.

"வையுங்கோ சேர்" என்றாள் தர்சிகா. "எதில முறியுதெண்டு தெரியாட்டி, கொழும்புக்கு எதைத் திருத்திறது?"

கல் வைத்தார்கள். இன்னொரு கல்.

டமார்!

எல்லோரும் "ஐயோ" என்றார்கள். அவள் மட்டும் தரையில் பாய்ந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மேடையில் முதல் பரிசுக்கு அவர்கள் அணியைக் கூப்பிட்டார்கள். தோழிகள் மேலே ஓடிவிட்டார்கள். மறுபடியும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கதிரைக்குக் கீழே இருந்து ஒரு கை மட்டும் உயர்ந்தது.

"ஒரு நிமிசம் சேர்! முதல் முறிஞ்ச துண்டு இன்னும் கிடைக்கேல்லை!"