விரலில்லாத எலி

சிங்கப்பூரில் பட்டம் முடித்த கையோடு, விலங்கியலில் ஆனர்ஸ் ஆண்டுக்கு எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருவன் நான். மற்றவனைப் பற்றி இன்றைக்கும் என்னால் நிம்மதியாக இரண்டு வரி எழுத முடியாது.

இரண்டு பேரும் மலாக்காக்காரர்கள். அவன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா டவுனில் ஆஸ்பத்திரி கிளார்க். நான் ஆயர் குரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கங்காணி மகன். ஆனர்ஸ் என்றால் ஓராண்டு ஆராய்ச்சி. ஆண்டு முடிவில் ஆய்வேடு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆனர்ஸ் இல்லை, ஓராண்டும் வீண். பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர். அவரவருக்குப் பழக்கமான இடத்திலேயே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவன் கடலை எடுத்துக்கொண்டான். மலாக்காவில் கெராகாவ் என்று சொல்வோமே, பொடி இறால், அதுதான் அவன் ஆராய்ச்சி. காலையில் அம்மா கொடுத்த பசியாறையை முடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போவான். சில நாள் இன்னும் தள்ளி, தங்கா பத்து என்ற ஊர் வரைக்கும் போவான். வலை தள்ளி வரும் மலாய்க்காரர்கள் ஒரு கை இறாலை அள்ளி அவன் பாட்டிலில் போடுவார்கள். கடற்காற்று, இளநீர். அந்த ஆராய்ச்சியை என் வீட்டுக் கோழிகூடச் செய்திருக்கும்.

எனக்கு எலி. தோட்டத்து எலிகள் எவ்வளவு தூரம் சுற்றுகின்றன என்று பார்க்க வேண்டும். பால் மரங்களுக்கு நடுவே கம்பிக்கூண்டு வைத்து, மாட்டிய எலியின் கால்விரல் நுனி ஒன்றை வெட்டி, திரும்ப விட்டுவிடுவேன். எந்தக் காலில் எந்த விரல் என்பதுதான் அந்த எலிக்குப் பெயர். மறுபடி எங்கே மாட்டுகிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்வேன். முதல் சில மாதங்கள் நன்றாகவே போயிற்று.

பிறகு சாப்பாட்டுச் சட்டம் இறுகியது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றியிருந்த முள்கம்பி வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது என்றார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போனார்கள். வேலிக்கு அப்பால் நட்டிருந்த மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டார்கள். கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவன் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து அனுப்புவான்.

என் கூண்டுக்கு வைக்கும் கருவாட்டையும் தேங்காய்க் கீற்றையும் அவன் எடுத்து முகர்ந்தான். இது எலிக்கு என்றேன்.

"எலியும் தின்னும், மனுசனும் தின்னும் லா. மக்கானான் தா போலே" என்றான், பாதித் தமிழிலும் பாதி மலாயிலும். தின்கிற பொருள் எதுவும் வெளியே போகக் கூடாதாம்.

தோட்டத்துத் துரையிடம் போனேன். துரை சிரித்தார். போலீஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே சிரிக்கக்கூட இல்லை. இரையில்லாத கூண்டுக்குள் எந்த எலி வரும்? வாரக்கணக்காகக் கூண்டுகள் காலியாகக் கிடந்தன. சிங்கப்பூருக்குப் போகும்போதெல்லாம் அவன் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து மேசையில் அடுக்குவான். பேராசிரியர் அவன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் நிமிரவே மாட்டார். என்னைப் பார்த்து, எலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். எனக்கு வயிறு எரியும். கடலில் பெரிய அலை வந்து அவன் சைக்கிளையாவது கொண்டுபோகக் கூடாதா என்று நினைத்ததுண்டு.

ஆண்டு முடியும் தறுவாயில் பேராசிரியர் எங்கள் இடங்களைப் பார்க்க வந்தார். முதலில் கிளேபாங். அங்கே பொழுதெல்லாம் கழித்து, சுட்ட மீன் தின்று, அவனையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது கேட் மூடும் நேரம். ஊரடங்கு. இனி யாரும் வெளியே போக முடியாது. பேராசிரியர் துரை பங்களாவுக்குப் போய்விட்டார். விடிந்ததும் என் வேலையைப் பார்ப்பதாகச் சொன்னார். காட்டுவதற்கு என்னிடம் காலிக் கூண்டுகள்தான் இருந்தன. அவன் எங்கள் வீட்டில் தங்கினான்.

அம்மாவுக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. உட்காரப் பலகையை எடுத்துப் போட்டாள். எனக்கு ஒருநாளும் போட்டதில்லை. அன்று வீட்டில் இருந்தது ஒரே ஒரு கெம்போங் மீன். நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போயிற்று, வால் எனக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கப்பா என்றாள் அவனிடம். நான் அந்த நடுத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அதைப் பிட்ட விதம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

கூரைச் சட்டத்தில் ஓர் எலி ஓடியது. அம்மா அகப்பையை ஓங்கினாள். வேலி போட்டதிலிருந்தே இந்தத் தொல்லைதான், அரிசி மூட்டை எல்லாம் உள்ளே வந்து சேர்ந்ததும் இதுகளும் வந்து சேர்ந்துவிட்டன என்று பாட ஆரம்பித்தாள். அது எனக்குப் பழகிய பாட்டு. அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"அம்மா, இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"எலிதாம்பா. பொறி வச்சு அடிச்சு அடிச்சுக் காவாயில போடுறேன், தீர மாட்டேங்குது. அதுல பாதி நொண்டி எலி. கால்ல விரல்கூட இருக்காது."

"எந்தக் காலில?"

அம்மா யோசித்தாள். ஒண்ணுக்கு முன்னங்கால், ஒண்ணுக்குப் பின்னங்கால், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி என்றாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"சாப்பாடு எல்லாம் உள்ளுக்க இருக்கேக்க எலி ஏன் வெளியில நிக்கப் போகுது? நீர் விரல் வெட்டின எலி எல்லாம் உம்மட வீட்டிலதான் நிக்குது."

என் வாயில் மீன் வால் இருந்தது. அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மாதக்கணக்காக அம்மா சொன்னதுதான். அன்றும் என் முன்னால்தான் சொன்னாள். எனக்கு மீன்தான் தெரிந்தது.

காலையில் அம்மாவின் பொறியில் ஒன்று கிடந்தது. பின்னங்காலில் இரண்டாவது விரல் இல்லை. வேலிக்கு வெளியே ஆற்றோரத்து மரங்களுக்கு நடுவே நான் விரல் வெட்டி விட்ட எலி. பேராசிரியர் அதை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இது இங்கே எப்படி வந்தது என்று கேட்டார். நான் அவன் வாயையே பார்த்தேன். அவன் இங்கிலீஷ் வேறு என்னுடையதைவிடச் சுத்தம். இப்போது எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிவிடப் போகிறான், எலியும் அவனுடையதாகப் போகிறது என்று நினைத்தேன்.

வேலி வந்தபின் எலிகள் உள்ளே குடியேறியதை இவர் கண்டுபிடித்திருக்கிறார் என்று என்னைக் காட்டினான். இவர்தான் முழுவதும் விளக்க வேண்டும் என்று சொல்லி ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான். பேராசிரியர் முதல் முறையாக என் பக்கம் முழுசாகத் திரும்பினார். நான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

எனக்கு நன்றி வரவில்லை. இன்னும் எரிந்தது. இறால் அவனுக்கு, கடற்காற்று அவனுக்கு, நடுத்துண்டு அவனுக்கு. கடைசியில் பெருந்தன்மையும் அவனுக்கா? அதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கலாம். மிச்ச நாட்களில் லயத்து வீடு வீடாகப் பொறி வைத்து ஆய்வேட்டை முடித்தேன். ஆனர்ஸ் கிடைத்தது. எனக்கு இரண்டாம் வகுப்பு, அவனுக்கு முதல் வகுப்பு. அம்மாவிடம் சொன்னபோது, அந்தத் தம்பிக்கு என்னா வந்துச்சு என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். அன்று பாயசம் வைத்தாள். யாருக்காக வைத்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பைண்டு செய்த ஆய்வேடு ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதை எடுத்துக் காட்டுவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது; அட்டையைத் தடவிக்கொண்டே சொல்லுவாள்: "இது இவன் எழுதுனது. கண்டுபிடிச்சது அந்தத் தம்பி."

விரலில்லாத எலியை முதலில் பார்த்தது தான்தான் என்று சாகும்வரை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெருமையையும் தூக்கி அவனிடமே கொடுத்துவிட்டாள். கொடுத்ததுதான் கொடுத்தாள், பெற்ற பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம்.