முத்தியால மடுவில் மார்ச் மாதம் தண்ணீர் கிடையாது

முதலில் ஒரு திருத்தம். நான்கு வருடம் முன்பு இதே பக்கத்தில் ஆனேக்கல் பக்கத்து முத்தியால மடுவு அருவியைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் "எந்த மாதமும் போகலாம், தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்" என்று ஒரு வரி இருக்கிறது. அது தப்பு. நான் பார்த்தது ஒரே ஒரு அக்டோபர். அதை வைத்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். நம்பிப் போய் ஏமாந்தவர்கள் மன்னிக்கவும். கடைசியாக ஏமாந்த ஆள் நானேதான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் பெங்களூர் ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. அபார்ட்மென்ட்டில் சமையல் வேலை. என் வீட்டுக்காரர் ஆறுமுகம் தண்ணீர் டேங்கர் ஓட்டினார். அவருக்கு லீவு கிடைக்கிற நாளில் இரண்டு பேரும் பஸ்ஸில் போய்வந்த இடங்களைப் பற்றி இங்கே எழுதுவேன். போனில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடும், மகள் ரேவதி பிழை பார்த்துத் தருவாள்.

போன மார்ச் மாதம் அவர் தவறிவிட்டார். நெஞ்சுவலி. ஐம்பத்திரண்டு வயது. மின் மயானத்தில் டோக்கன் கொடுத்தார்கள், எங்களுக்கு ஏழாம் நம்பர். இந்த ஊரில் ரேஷனுக்கு வரிசை, பஸ்ஸுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, எரிவதற்கும் வரிசை. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோம். அழக்கூட எரிச்சல் விடவில்லை.

சாம்பல் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வெளியே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் ஓடுகிற தண்ணீரில் கரைக்க வேண்டும். எங்கள் தெருவில் மரத்துக்கு எங்கே போவது? இருந்த ஒரு புங்க மரத்தையும் யாரோ நாலாவது மாடி எழுப்பும்போது வெட்டிவிட்டார்கள். மொட்டைமாடிக் கம்பியில் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஓனர் வீட்டம்மா இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். கடைசியில் என் வீட்டுக்காரரோடு இருபது வருடம் லாரி ஓட்டிய பாஷாதான் கலயத்தை வாங்கித் தன் டேங்கரில், சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் கட்டினார். பதிமூன்று நாள் அந்தக் கலயம் லோடு லோடாகத் தண்ணீரோடு ஊரைச் சுற்றியது. அத்தனை நாளும் பாஷா வண்டியில் பாட்டே போடவில்லையாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டிடத்தில் போர் தண்ணீர் தலைக்கு இரண்டு குடம். வீட்டில் மூன்று பேர், ஆறு குடம். அவர் போன நாலாம் நாள் ஓனர் வீட்டம்மா வாசலில் வந்து நின்று, "ஈக இப்ரே அல்வா மல்லிகா? நால்கு பிந்திகெ சாக்கு" என்றார். இப்போது இரண்டு பேர்தானே, நாலு குடம் போதும் என்று அர்த்தம். கெட்ட மனுஷி இல்லை, முதல் நாள் சாப்பாடு கொடுத்தனுப்பியவர். ஆனால் கணக்கில் கறார்.

என் வீட்டுக்காரரின் தம்பி கோவிந்தன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறான். அவன் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்க் காவேரியில் கரைக்கலாம் என்றான். கார் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. நான் முத்தியால மடுவு என்றேன். அந்த அக்டோபரில் இவர் சட்டையோடு அருவியில் நின்றுகொண்டு, "யாரும் அளந்து ஊத்தாத தண்ணி, பாத்துக்கோ. நான் போனா இங்கயே விட்டுடு" என்று சிரித்தார். சிரிப்பாகச் சொன்னதுதான். எனக்கு அது போதும்.

பதினைந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். ரேவதி வரவில்லை. செவ்வாய் காலை எட்டிலிருந்து எட்டு இருபது வரைதான் ஓனர் மோட்டார் போடுவார். வீட்டில் ஆள் இல்லையென்றால் அந்த நாலு குடமும் போச்சு, அடுத்தது வெள்ளிக்கிழமைதான். "நீ போம்மா, நான் புடிச்சி வெக்கறேன்" என்றாள். அப்பன் சாம்பலைக் கரைக்க வராமல் ஒரு பெண் குழாயடியில் நிற்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

காலை 6.40க்கு வீட்டிலிருந்து ஆட்டோ. சில்க் போர்டு வரை நாலு கிலோமீட்டர், 90 ரூபாய். 7.35க்குத்தான் ஆனேக்கல் போர்டு போட்ட பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கர்நாடக முகவரி உள்ள ஆதார் காட்டினால் போதும். உட்கார இடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஓசூர் ரோட்டில் பதினான்கு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம். பொம்மசந்திராவில் 8.40க்குக் கோவிந்தன் ஏறினான், அவனுக்கு 23 ரூபாய் டிக்கெட். ஏறினதும் ஆரம்பித்தான்.

"எங்க பாரு ஜனம் அண்ணி. இப்டி பெருத்துக்கினே போனா பூமி எப்டி தாங்கும்? தண்ணி எங்கேந்து வரும்?"

"நாலு பெத்தவன் பேசற பேச்சாடா இது?"

"அது அப்போ. அப்போ இவ்ளோ கூட்டம் இல்லயே."

முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கும் பதினைந்து நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது, அதுவும் இவன் மேல் இருந்த கடுப்போடு.

9.35க்கு ஆனேக்கல். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாலு இட்லி 40 ரூபாய், சட்னி பரவாயில்லை. பாஷாவின் டேங்கர் தண்ணீர் நிரப்புகிற போர்வெல் அந்தப் பக்கம்தான் என்பதால் அவர் லோடோடு வந்து காத்திருந்தார். அங்கிருந்து அருவிக்கு ஐந்து கிலோமீட்டர். உங்களுக்கு ஆட்டோதான், போகவரக் காத்திருக்க 300 கேட்பார்கள். நாங்கள் டேங்கரிலேயே போனோம். கலயத்தை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு குழந்தை கனம்கூட இல்லை.

"மொதல்ல நானூறு அடியில தண்ணி வந்துச்சு அக்கா, இப்போ ஆயிரத்து முன்னூறு" என்றார் பாஷா. "அதுவும் பாதி காத்து. பன்னெண்டு மணிக்கு நான் அபார்ட்மென்ட்ல நிக்கணும். சீக்கிரம் எறங்கிட்டு வந்துடுங்கோ."

10.20க்குப் படியில் இறங்க ஆரம்பித்தோம். பொம்பளை வரக்கூடாது என்று கோவிந்தன் இழுத்தான். "வழி தெரிஞ்சவ நான்தான், நட" என்றேன். படிகள் செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பாதியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தத் தடவை இந்த இடத்திலேயே சத்தம் கேட்டது. இந்தத் தடவை குரங்குச் சத்தம் மட்டும்.

கீழே அருவி இல்லை. தண்ணீர் விழுந்த தடம் மட்டும் பாறையில் கறுப்பாக நீளமாக இருந்தது. அடியில் கல்யாணச் சமையல் அண்டா அகலத்துக்குப் பச்சையாக ஒரு குட்டை. அதில் பிளாஸ்டிக் கப், சிப்ஸ் பாக்கெட். இரண்டு குரங்கு அதையும் குடித்துக்கொண்டிருந்தன.

"தண்ணி தண்ணிதான அண்ணி. முடிச்சிடலாம்" என்றான் கோவிந்தன்.

"இதுலயா? ஊர் எச்சில் எல்லாம் கெடக்குது. ஓடற தண்ணி வேணும்டா."

"ஓடற தண்ணிக்கு நான் எங்க போவேன்? நீங்கதான எழுதினீங்க, கொட்டிக்கினே இருக்கும்னு? அத படிச்சிட்டுத்தான நானும் சரின்னு வந்தேன். அரை நாள் லீவு போச்சு. நாளைக்குக் காரியம்."

அந்த நேரம் பார்த்து ரேவதி போன் செய்தாள். "அம்மா, இன்னிக்கு கரண்ட் இல்ல. மோட்டார் போடல. தண்ணி வரல." அவ்வளவுதான், அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் வராமல், தண்ணீரும் வராமல். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோவிந்தனைத் திட்டினேன். அவனும் பதிலுக்குத் திட்டினான், பிறகு அண்ணன் பெயரைச் சொல்லி அழுதான்.

கலயத்தைத் தூக்கிக்கொண்டு திரும்ப மேலே ஏறினோம். மேலே வெள்ளரிக்காய் விற்கிற அம்மா, "நீரு ஆகஸ்ட்டுக்கு மேலதாம்மா" என்றார்.

"எறங்கும்போதே சொல்லக்கூடாதா?"

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன். நீங்க சண்ட போட்டுக்கினு எறங்கினீங்க."

பாஷா எங்கள் முகத்தைப் பார்த்தார், என் கையில் இருந்த கலயத்தைப் பார்த்தார். "அரே அக்கா, ஆறாயிரம் லிட்டர் முதுகுல வெச்சிக்கினு ஓடற தண்ணி இல்லன்னு அழுவுறீங்களே" என்றார்.

"அது அபார்ட்மென்ட் தண்ணி பாஷா."

"அண்ணன் எத்தன வருஷம் அடுத்தவனுக்கு ஓட்டினாரு? ஒரு நாள் அவருக்கு ஓட்டக்கூடாதா?"

வந்த வழியில் அரை கிலோமீட்டர் திரும்பினால் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலம், அதன் கீழே காய்ந்த ஓடை. மழை பெய்தால் இந்த ஓடைதான் போய் அருவியாக விழுகிறது என்று வெள்ளரிக்காய் அம்மா சொல்லியிருந்தார். பாஷா டேங்கரின் பின்பக்கத்தை ஓடை பக்கம் வைத்து நிறுத்தினார். வால்வில் சைக்கிள் டியூப் சுற்றி இறுக்கக் கட்டியிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் குழாயிலும் அதே முடிச்சுதான். சொட்டினால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது, யார் வண்டியாக இருந்தாலும் கட்டிவிடுவார்.

பாஷா வால்வைத் திறந்தார். தண்ணீர் காய்ந்த கல்லில் விழுந்து சருகை எல்லாம் தள்ளிக்கொண்டு ஓடியது. கோவிந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கலயத்து வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சாம்பலை விட்டான். நான் கரையில் நின்று கொஞ்சம் விட்டேன். ஒரு நிமிடம் எல்லாம் சரியாக நடக்கிற மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"போதும் பாஷா. அவர் பங்கு ரெண்டு குடம்தான். மூடு."

"ரெண்டு குடமா? அது அப்பவே தாண்டிடுச்சு அக்கா. இருபது இருக்கும்."

"அப்ப ஏன் பாத்துக்கினு நிக்கற? மூடு, மூடு!"

அவர் தயங்கினார். நானே போய் இறுக்கிச் சுற்றி மூடினேன், டியூபையும் சரிசெய்து கட்டினேன். சாம்பல் பத்தடி போயிருக்கும். அதற்கு மேல் மண் தண்ணீரைக் குடித்துவிட்டது, ஓடையின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் நின்றது. இருபத்தெட்டு வருடம் அவரோடு இருந்தேன். தன் பங்குக்கு மேல் அவர் தண்ணீர் எடுத்து அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது ஓசூர் ரோட்டில் எதிரே வந்த டேங்கர்களை எண்ணினேன், பதினேழு. கோவிந்தன் மறுபடியும் ஜனம் பெருத்துப்போச்சு என்றான். நான் சமைக்கிற வீட்டு மேடமும் பாத்டப் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டே அதைத்தான் சொல்வார். ஓனர் வீட்டம்மாவும் அதையே சொல்வார். எல்லாரும் சொல்கிற அந்த அதிகப்படி ஜனம் யார் என்று மட்டும் யாரும் காட்டுவதில்லை. சொல்கிறவர் அதில் சேர்த்தி இல்லை. நானும் இத்தனை நாள் பஸ்ஸில் நசுங்கும்போதெல்லாம் அதையே சொன்னவள்தான். இப்போது எங்கள் வீட்டில் உண்மையாகவே ஒரு தலை குறைந்துவிட்டது. அந்த இரண்டு குடம் யாருக்குப் போனது? மண்ணுக்குள் திரும்பப் போகவில்லை. புதன்கிழமை காலையில் ஓனர் வீட்டில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

போகிறவர்களுக்கு: ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை போங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை போகாதீர்கள், யார் எழுதியிருந்தாலும், நான் எழுதியிருந்தாலும். சில்க் போர்டிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் பஸ் பிடியுங்கள். தலைக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும், கீழே எதுவும் கிடைக்காது. பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள், குரங்குகள் பாவம். இறங்குவதற்கு முன்னால் வெள்ளரிக்காய் அம்மாவிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்.

அருவிக்கு அரை கிலோமீட்டர் முன்னால் அந்தச் சின்னப் பாலம் வரும், இடது பக்கம் ஒரு நாவல் மரம். மழைக்குப் பிறகு போகிறவர்கள் அங்கே ஆட்டோவை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அடியில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கீழே ஒரு வரி எழுதுங்கள், அவர் பத்தடியிலேயே நிற்கவில்லை என்று நான் தெரிந்துகொள்வேன்.