பொட்டு வைத்த ஃபிளாப்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். அறையில் இரண்டு வகை மெஷின்கள். அரசுத் திட்டத்தில் எப்போதோ வந்து சேர்ந்த பழசு ஒரு சுவரோரம். நிர்வாகம் வாங்கிய புதுசு எதிர்ச்சுவரோரம். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஃபிளாப்பிதான். ஆனால் ஒன்று எழுதியதை மற்றது படிக்காது. இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடு திண்டாட்டம் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அது புரிந்துவிட்டது.

பழசின் கட்சியில் கணக்கு டீச்சர் ஒருவர்தான் மிச்சம். வட்டத்தையும் முக்கோணத்தையும் திரையில் வரைந்து காட்டும் பாடங்களை அதில் அவரே எழுதியிருந்தார். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து பல வருஷமாகச் சேர்த்தது. தாளாளரோ இடம் பற்றவில்லை என்று பழசைக் கழித்துவிட நினைத்தார். பூஜை லீவு முடிந்ததும் பாடங்களைப் போட்டுக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று டீச்சர் கேட்டு வைத்திருந்தார்.

லீவுக்கு முந்தின மாலை பள்ளியில் சரஸ்வதி பூஜை. பாடங்கள் இருந்த ஃபிளாப்பியையும் அதன் நகலையும் டீச்சர் படத்துக்கு முன்னால் வைத்தார். ஒன்றை வைத்து ஒன்றை விட மனம் வரவில்லையாம். உறையிலிருந்து உருவி, இரண்டுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டார். அந்தக் கறுப்புச் சதுரத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே சுற்றும் வட்டை மெஷின் தொட்டுப் படிப்பது அதன் வழியாகத்தான். பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் கிடையாது.

லீவு முடிந்து வந்து பார்த்தபோது இரண்டிலும் சந்தனம் காய்ந்து வட்டோடு ஒட்டியிருந்தது.

"எங் கையாலயே வச்சேனே சார்," என்றார் டீச்சர்.

ஒன்றின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி வட்டை உருவினேன். தண்ணீரில் கழுவி, பஞ்சால் ஒற்றி, ஃபேனுக்கடியில் உலர்த்தினேன். திரும்பப் போடச் சந்தனம் படாத கறுப்புச் சட்டை வேண்டுமே. புதுசின் ஃபிளாப்பி ஒன்றை வெட்டி, அதன் சட்டையைப் பழசின் வட்டுக்குப் போட்டேன். மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு திரையில் ஒரு வட்டம் வரைந்தது. டீச்சர் அழுதுவிட்டார்.

தாளாளர் வந்து எல்லாப் பாடத்தையும் பொறுமையாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கு டீச்சர். இத அப்படியே புதுசுல ஏத்தீருங்க. பழசத் தூக்கீரலாம்."

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"ஏறாது சார். மொதல்ல இருந்து வேற மாதிரி எழுதணும்," என்றேன்.

"அதுக்குத்தான நீங்க இருக்கீக," என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.

டீச்சரும் நானும் எழுத உட்கார்ந்தோம். முக்கோணத்தைத் தாண்டவில்லை. அரையாண்டு லீவில் பழசு லாரி ஏறிப் போனது.

அடுத்த வருஷப் பூஜைக்கும் டீச்சர் அந்த ஃபிளாப்பியைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை உறையை விட்டு எடுக்கவில்லை. உறைமேல், மூலையாகப் பார்த்து, சின்னதாக ஒரு பொட்டு.

"இப்பவாவது சரியா வச்சிருக்கேனா சார்?"

சரியாகத்தான் வைத்திருந்தார். அதைப் படிக்கத்தான் மெஷின் இல்லை.