ஞாயிறு ஐந்து மணிக்குப் பூட்டிய கடை

இந்தக் குளிர்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகளை நேரத்தோடு பூட்டுவதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மற்ற நாட்களில் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும் கடை, எனக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிற ஒரே நாளில் ஐந்து மணிக்கே விளக்கை அணைத்துவிடும். ஞாயிறு ஓய்வுநாள் என்று தீர்மானித்தவர்கள் எவரும் என்னோடு ஷிஃப்ட் வேலை செய்ததில்லை.

அப்போது மல்வேர்ன் என்ற பகுதியில் இருந்தோம். வீட்டுக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடை. நடத்தியவர் என்னைவிடச் சற்று இளையவர், யாழ்ப்பாணத்தவர். என் ஏழு வயது மகளுக்கு மூச்சிழுப்பு, ஆஸ்துமா. வாயில் அடிக்கும் பம்ப் முடியப்போகிறது என்று மனைவி வெள்ளிக்கிழமையே சொன்னாள். ஞாயிறு வாங்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு மனைவி வேலையில் இருந்தாள். பின்னேரம் பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கியது. பம்பை அமத்தினால் வெறும் காற்று. அவளைக் காரில் போட்டுக்கொண்டு பறந்தேன். ஐந்து மணி கழிந்து ஆறு நிமிடம். உள்ளே அவர் நடமாடினார். கண்ணாடியில் தட்டினேன். நேரம் எழுதிய பலகையை விரலால் காட்டிவிட்டு விளக்கை அணைத்தார்.

எங்கள் நாட்டில், ஊரில் கடை பூட்டியிருந்தால் பின்பக்கம் போய்த் தட்டுவோம். ஒருவரும் குறை நினைப்பதில்லை. நானும் காரைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, இரும்புக் கதவைக் கையாலும் காலாலும் இடித்தேன்.

“திறவடா! உள்ளுக்கை நிக்கிறாய் எண்டு தெரியும், திறவடா!”

இங்கே மருந்துக்கடைப் பின்கதவை அப்படி இடிக்கிறவன் கொள்ளைக்காரன்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. தமிழ் கேட்டதாலோ என்னவோ, அவர் கதவைச் சற்றே நீக்கினார். கையில் பனி அள்ளும் சவள். நான் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். சவள் என் தோளில் இறங்கியது. ஓங்கி முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்து வெள்ளை உடுப்பெல்லாம் இரத்தம். விழுந்தவரின் நெஞ்சில் ஏறி இருந்து கழுத்தை நெரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் பிள்ளை என் நினைவிலேயே இல்லை. பலகையைக் காட்டிய அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

“அண்ணை, என்ன வேணுமோ எடுத்துக்கொண்டு போங்கோ,” என்று அவர் திணறினார்.

“பிள்ளைக்கு... இழுக்குது. பம்ப்.” கழுத்திலிருந்து கையை எடுத்தேன்.

“இதை முன்னாலை நிண்டு சொல்லியிருக்கலாமே!”

எழுந்து, மூக்கைக் கையால் பொத்தியபடி உள்ளே போய்ப் பம்பை எடுத்து வந்தார். பறித்துக்கொண்டு காருக்கு ஓடினேன். பிள்ளை கார்க் கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் சீற்றின் மறுகரைக்கு ஒதுங்கினாள். பம்பை நீட்டினேன். நெஞ்சு இழுக்க இழுக்க, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த கடைக்காரர் என் கையிலிருந்து அதை வாங்கினார். மூக்கில் இரத்தம் வடிய, மறுபக்கக் கதவைத் திறந்து குனிந்தார். அவருக்குத்தான் பிள்ளை வாயைத் திறந்தாள்.